சிவப்பு வண்டி கிளம்பிய நாள்

புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவே ஒற்றை பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவர் உமாபதி. சொந்த பஸ், அவரே டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருக்கும்போதுதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பஸ் மெதுவாக ஒரு கரும்பு வயலுக்குள் இறங்கி நின்றது. பயணிகளில் யாருக்கும் கீறல்கூட இல்லை. அவருக்கு வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்.

"இல்ல."

தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல. முகத்தில் வெயில் அடித்தாலும் இல்ல. பசித்து வாயைத் திறந்து சோற்றை வாங்கிக்கொள்ளும்போதும் இல்ல, இல்ல என்றுதான் சொல்வார்.

"அவர் நினைச்சு சொல்றதில்லம்மா, நாக்குக்கு வர்றது அது ஒண்ணுதான்" என்றார் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர்.

"நாம பேசறது அவருக்குப் புரியுதா?" என்று கேட்டாள் அவர் மனைவி இந்திராணி.

"உறுதியா சொல்ல முடியாது. பழகின சத்தம், பழகின சாமான் எதையாவது காட்டிக்கிட்டே இருங்க. சில பேருக்கு அதுல கொஞ்சம் திரும்பியிருக்கு."

வைத்தியத்துக்காக பஸ் கைமாறியது. வீட்டில் மிஞ்சியவை உமாபதியின் கருவிப் பெட்டிகள் இரண்டும், பின்பக்கத் தகரக் கொட்டகையில் கிடந்த காரும்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சீமை ஸ்போர்ட்ஸ் கார். சித்தூரில் வேலையிலிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கல்யாணமான புதிதில் உமாபதி அதில் இந்திராணியைத் திருப்பதிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கூரையில்லாத வண்டி. ரேணிகுண்டா தாண்டுவதற்குள் அவள் தலையில் வைத்திருந்த பூவெல்லாம் பறந்துவிட்டது. யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. நாற்பத்திரண்டில் ஒருநாள் வண்டியைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டியவர் அப்புறம் அதை எடுக்கவேயில்லை.

பதினேழு வருஷம் கழித்து இந்திராணி அந்தப் பூட்டை உடைத்தாள்.

பார்க்க வந்தவன் அசரியா. உமாபதியின் பஸ்ஸுக்கு மெக்கானிக்காக இருந்தவன், இப்போது புத்தூரில் வேறொரு பஸ் கம்பெனி ஷெட்டில் வேலை. உமாபதி உட்கார்ந்திருக்கும் சக்கர நாற்காலியைப் பழைய பஸ் சீட்டிலிருந்து செய்து கொடுத்தவனும் அவன்தான். வண்டியைச் சுற்றி வந்தான். மரச் சட்டங்களைக் கரையான் தின்றிருந்தது. டயர்கள் கை பட்டதும் உதிர்ந்தன.

"இது ஓடாதும்மா" என்றான்.

"ஓட வேணாண்ணே. சத்தம் வந்தா போதும். அவரு காதுல வுழணும்."

"சாமான்லாம் சீமையிலேர்ந்து வரணும். அதுக்கு லைசென்ஸ் வாங்கவே நம்மளால ஆவாது."

"உன் கையில இருக்கறத வெச்சு பாருண்ணே. காசு குடுக்க என்னால முடியாது. அவரோட சாமானுங்க இருக்குது. எது வேணுமோ எடுத்துக்க."

அசரியா நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். உமாபதி காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரிம்மா. ஞாயித்துக்கெழம கோயில் முடிச்சிட்டு வரேன்" என்றான்.

அப்படித்தான் வேலை தொடங்கியது. பிஸ்டன்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் கலந்து மேலே ஊற்றி ஊறப்போட்டார்கள். வாரத்துக்கு வாரம் அசரியா வந்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பான். தைப் பொங்கலுக்கு முந்தின ஞாயிறு அது பொக்கென்று விட்டுக்கொடுத்தது. தச்சர் ரங்கையா வேப்பஞ்சட்டங்கள் இழைத்துக் கொடுத்தார். அந்த அளவில் கார் டயர் எங்கேயும் கிடைக்கவில்லை. அசரியா மோட்டார் சைக்கிள் டயர்களைத் தேய்ந்ததாகப் பார்த்து வாங்கி மாட்டினான். பெட்ரோல் பம்ப் செத்துப்போயிருந்ததால் ஒரு எண்ணெய் டின்னை முன்னால் உயரத்தில் கட்டி அதிலிருந்து குழாய் இறக்கினான். சீட்டுக்கு இந்திராணி பழைய ஜமக்காளத்தைத் தைத்தாள். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கைத் தோல் உரிந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது அசரியா பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரோ சுத்தியலோ எடுத்துக்கொள்வான். எடுக்கும்போது உமாபதி பக்கம் பார்க்கமாட்டான்.

உமாபதியை அவர்கள் கொட்டகை வாசலில் உட்கார வைத்திருப்பார்கள். வண்டியின் மேல்பக்கத்தில் வேலை நடக்கும்போதெல்லாம் சும்மா இருப்பார். அசரியா வண்டிக்கு அடியில் படுத்தால் மட்டும் அவருக்கு என்னவோ ஆகிவிடும். "இல்ல, இல்ல, இல்ல" என்று ஆரம்பிப்பார். இடது கையால் நாற்காலிக் கையை அடிப்பார். எச்சில் வழியும்.

"மொதலாளி அவஸ்தப்படறாரும்மா" என்பான் அசரியா அடியிலிருந்து.

இந்திராணி நாற்காலியைத் திருப்பி வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். உள்ளேயிருந்தும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் கேட்கும். அப்புறம் ஓய்ந்துவிடும்.

"அடியில இருக்கற எண்ணத் தொட்டிய கழட்டி உள்ள பாத்துரணும்" என்றான் அசரியா ஒருநாள். "பேரிங்கு எப்டி கெடக்குதோ."

"தேஞ்சிருந்தா?"

"ஈயம் உருக்கிப் புதுசா வாக்கணும். அதுக்கு மெட்ராசுக்குத்தான் எடுத்துக்கினு போவணும்."

அதற்கு வழியில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நாளும் இல்லை. ஆந்திரா பிரிந்து ஏழு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த எல்லைத் தகராறு அப்போதுதான் முடிவுக்கு வந்திருந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து திருத்தணி மெட்ராஸ் பக்கம். புத்தூரும் நாராயணவனமும் ஆந்திராவிலேயே. அசரியா வேலை பார்த்த கம்பெனியின் ரூட்டுகள் பாதிக்குமேல் அந்தப் பக்கம் போய்விட்டன. ஷெட்டையே திருத்தணிக்கு மாற்றுகிறார்கள். மாத முடிவுக்குள் அசரியா மனைவி யூனிஸையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும்.

"நான் போய்ட்டா இத்த எவனும் தொடமாட்டாம்மா" என்றான். "கையால சுத்தினா நல்லாத்தான் சுத்துது. அடியில கைவெக்க வேணாம். ஸ்டார்ட் பண்ணிப் பாத்துரலாம்."

மார்ச் கடைசி ஞாயிறு, காலை வெயில் ஏறும் முன்பே வண்டியை வெளியே தள்ளினார்கள். சிவப்பு பெயின்ட் திட்டுத் திட்டாகத்தான் மிஞ்சியிருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் கூடியிருந்தார்கள். ரங்கையாவும் வந்து நின்றார். அசரியா கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டு முன்பக்கத்து ஹாண்டிலைச் சுற்றினான். இருமியது. மறுபடி சுற்றினான். நீலப்புகை கக்கிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

உமாபதி நிமிர்ந்தார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் அப்படி நிமிர்ந்ததில்லை. கழுத்து விறைக்க, கண் இரண்டும் விரிய, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். இந்திராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஏத்துங்க அவர" என்றாள். "கொஞ்ச தூரம் கூட்டினு போய்ட்டு வாண்ணே. அந்த மதகு வரைக்கும்."

ஆட்கள் தூக்கி அவரை அசரியாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "இல்ல, இல்ல" என்றார் உமாபதி. யாரும் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி நகர்ந்தது. புளியமர நிழலில் அது போவதை இந்திராணி ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உமாபதியின் இடது கை மேலே எழுந்தது. உடம்பைத் திருப்பி, அந்தக் கையைக் குறுக்கே நீட்டி, அசரியாவின் தோளில் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். பஸ் ஓட்டிய காலத்தில் அசரியாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துப் பழக்கும்போது, இன்னும் வேகம் என்பதற்கு அவர் தோளில்தான் தட்டுவார். இந்திராணிக்கு அது ஞாபகம் வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அசரியாவுக்கும் அதே ஞாபகம் வந்திருக்க வேண்டும். வண்டி வேகமெடுத்தது.

அப்புறம் இரும்பை இரும்பு உடைக்கும் சத்தம் கேட்டது. மதகுக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றுவிட்டது.

அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் எண்ணெய் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அசரியா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். உமாபதி உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மாட்டைக் கட்டி வண்டியை இழுத்து வந்தார்கள். மத்தியானம் அசரியா அடித்தொட்டியைக் கழற்றினான். வெகுநேரம் அடியிலேயே கிடந்தான். வெளியே வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"பிஸ்டன தாங்கற மூணாவது ராடும்மா" என்றான். "அத்தப் புடிச்சினு ரெண்டு போல்ட்டு இருக்கணும். ஒண்ணுதான் இருந்துருக்குது. இன்னொரு எடம் காலி. ஒடஞ்சி வுழுந்தது இல்ல, கழட்டுனது. அந்த ஓட்டையில துணி சுருட்டி அடச்சி வெச்சிருக்குது."

"யாரு?"

அசரியா நாற்காலியைப் பார்த்தான். "வேற யாரு தொட்டாங்க இத்த? போல்ட்டு கெட்டுப் போயிருக்கும். புதுசு கெடச்சா போட்டுக்கலாம்னு கழட்டி வெச்சிட்டாரு. பெட்ரோலு இல்லன்னு நாமதான் சொல்லிக்கினு இருந்தோம். ஓட்டக்கூடாதுன்னுதான் நிறுத்தியிருக்காரு."

இந்திராணி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"என் தோள அடிச்சாரும்மா. வேகமா போன்னு சொல்றாருன்னு நெனச்சேன். நான் அடியில படுத்தப்பல்லாம் கத்தினாரே." பெட்டியிலிருந்து எடுத்துப் போன கருவிகளையெல்லாம் மறுநாள் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அந்த வாரமே லாரியில் சாமான் ஏற்றித் திருத்தணிக்குப் போய்விட்டான்.

அவர் உள்ளே முழுசாக இருக்கிறார் என்பது இந்திராணிக்கு இப்போது தெரியும். அந்த நினைப்பே அவளைத் தூங்கவிடவில்லை. எத்தனை முறை அவர் எதிரிலேயே மற்றவர்களிடம் அவரைப் பற்றி இல்லாதவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசியிருக்கிறாள்! அவர் இல்ல என்றபோது எத்தனை முறை வாயில் சோற்றைத் திணித்திருக்கிறாள்! எத்தனை முறை நாற்காலியைத் திருப்பியிருக்கிறாள்!

அவர் எதிரில் உட்கார்ந்து இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க. நான் கேக்கறேன். ஆமான்னா என் கைய அழுத்துங்க. இல்லன்னா சும்மா இருங்க. உங்களுக்கு நான் பேசறது புரியுதா?"

அவர் அழுத்தினார்.

அவள் இன்னும் கிட்டே நகர்ந்தாள். "என் பேரு இந்திராணியா?" அழுத்தினார். "என் பேரு யூனிஸா?" அதற்கும் அழுத்தினார். கண்ணில் நீர் முட்ட, தலையை ஆட்டி, விடாமல் அழுத்திக்கொண்டேயிருந்தார். அது தப்பு என்று அவருக்கே தெரிந்தது. கையை நிறுத்தத்தான் முடியவில்லை. மறுநாளும் கேட்டுப் பார்த்தாள். வாரக்கணக்கில் கேட்டுப் பார்த்தாள். எதற்கும் அதே அழுத்தம்தான்.

சித்திரைக் கடைசியில் ஏர்பேட்டிலிருந்து பழைய இரும்பு வாங்குகிறவன் ஒருவன் விசாரித்துக்கொண்டு வந்தான். காரைச் சுற்றிப் பார்த்து, தெலுங்கும் தமிழுமாக ஒரு விலை சொன்னான். அவள் வீட்டு நிலைமைக்கு அது பெரிய தொகைதான்.

இந்திராணி நாற்காலியைக் கொட்டகைக்குத் தள்ளி வந்து, உமாபதிக்கு எதிரில் மண்டியிட்டாள். "இவரு கேக்கறாருங்க. குடுத்துரலாமா? வெச்சிக்கலாமா? நீங்க எப்டி சொல்றீங்களோ அப்டி."

அவர் அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி அவளையே பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. எதைக் கெஞ்சுகிறார் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வியாபாரி பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தான்.

கடைசியில் எழுந்து போய் வேண்டாமென்று சொல்லி அனுப்பினாள். சொன்னது சரிதானா என்று தெரியவில்லை. மழைக்கு முன்னால் இன்னொரு தரம் வந்து கேட்பதாகச் சொல்லிவிட்டு அவன் சைக்கிளில் ஏறினான். அவள் உள்ளே வந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் அதன் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.