கொய்யா விறகுக் கட்டு

1

இந்தக் கதை எனக்கு விறகுக் கடையில் கிடைத்தது. ஓசியில் கிடைத்த சரக்கு. நானே இன்னும் முழுசாக நம்பவில்லை. நீங்களும் அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள்.

மீனுக்குப் புகை போடக் கொஞ்சம் மாங்கட்டை வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் கரன்ட் டெஸ்டர் செருகியிருந்தது. குரலைத் தாழ்த்திக் கடைக்காரரிடம் கேட்டார்.

"அண்ணே, அரளிக் கட்டை காஞ்சு போச்சுன்னா அடையாளம் கண்டுபிடிக்க முடியுமா?"

"எதுக்குக் கேக்கறீங்க? யாருக்காவது விருந்து வைக்கப் போறீங்களா?"

கடைக்காரர் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை.

"இலை ஒட்டியிருந்தா சொல்லலாம். பட்டை உரிஞ்சு பொளந்துட்டா எல்லாம் கட்டைதான். சந்தேகம் வந்துட்டா எரிக்காதீங்க, அவ்வளவுதான்."

அந்த ஆள் மாங்கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் நான் கட்டியது. கட்டியது என்று தெரிந்தும் மனசு ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மாலை வெயில் பொன்னாக உருகி வழிய, தோட்டத்தில் இருந்து எழுந்த புகை ஒரு

(ஒரு என்ன? வெயில் உருகினால் மீன் கெட்டுப்போகும். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது:

ஒரு தச்சர் இருந்தார். அவருக்கு ஒரு அண்ணன்.

(இதுவும் தேறாது. தச்சனுக்குக் கட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அரளியை எடுத்து வீசிவிட்டு வேலையைப் பார்ப்பான். கதை அங்கேயே படுத்துவிடும்.)

ஆகவே நான் பார்த்தபடியே இருக்கட்டும். அவர் வயர்மேன். கம்பிக்குள் ஓடுவது தெரியும். கட்டைக்குள் ஓடுவது தெரியாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பீப்பாயை அறுத்து, உள்ளே கம்பி வலை மாட்டி, லீவு நாளில் மீனும் இறைச்சியும் புகை போடுவார். அதில் அவருக்கு ஒரு பைத்தியம்.*

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சொந்த அண்ணன். தையல்காரர்.

* புகைக்கு எந்த மரம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் யார் பேச்சையும் எடுத்துக்கொள்ளாமல் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பழ மரம் மீனுக்கு ஒத்துப்போகும்: மா, கொய்யா. புளியங்கட்டைக்கு முரட்டுப் புகை. இறைச்சி தாங்கும், மீன் தாங்காது. பிசின் வடிகிற மரம் தார் பூசியது மாதிரி ஆக்கிவிடும். ஈர விறகு வெள்ளையாகப் புகைந்து நாக்கில் கசக்கும். பெயின்ட் அடித்த கதவை உடைத்துப் போடுகிறவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். அரளி விஷம். இலை, பூ, கட்டை, புகை எல்லாமே. அதை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை.

3

அண்ணன் தம்பி பேச்சு நின்றது ஒரு கோட்டால்.

தையல்காரர் ஒரு பெரிய மனிதருக்குக் கோட்டு தைத்து ஜன்னலோரம் மாட்டியிருந்தார். அன்றைக்குப் பார்த்து வயர்மேன் பீப்பாயை மூட்டினார். காற்று சுவரைத் தாண்டியது. பெரிய மனிதர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போனார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார்கள். மறுநாள் கோட்டு திரும்பி வந்தது.

"உன் மீனுக்குக் கோட்டு தைச்சுக் குடுத்தேனாடா நான்?" என்று தையல்காரர் சுவருக்கு மேலே கத்தினார்.

"ஜன்னலைச் சாத்தத் தெரியாதவன் கடை வைக்கக் கூடாது" என்று தம்பி இந்தப் பக்கம் இருந்து சொன்னார்.

அதோடு சரி. மாதக்கணக்கில் முகம் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் தையல்காரர் தன் வீட்டுக் கொய்யா மரத்தை வெட்டினார். அதைத் துண்டு போட்டு, கயிற்றில் கட்டி, தம்பி மனைவியைக் கூப்பிட்டுச் சுவர் வழியாக இறக்கினார்.

"இதை அவன்கிட்ட குடும்மா. எப்படியும் புகை வரத்தான் போகுது. நல்ல புகையா வந்துட்டுப் போகட்டும்."

அவள் உருகிப்போய்விட்டாள். அந்த இடத்திலேயே, "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல சாப்பிடுங்க மாமா" என்று அழைத்துவிட்டாள். அவரும் வருகிறேன் என்றுவிட்டார்.

வயர்மேனுக்கும் உள்ளுக்குள் இளகியது. (இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.) அன்றைக்கே உட்கார்ந்து பட்டையை உரித்து, பாதி விறகைப் பிளந்து வெயிலில் பரப்பினார். மீதியைப் பிரிக்கும்போது கயிற்று முடிச்சில் ஒரு இலை சிக்கியிருந்தது. குறுகலாக, நீளமாக, காய்ந்து சுருண்ட இலை. கொய்யா இலை அகலம். இந்த இலை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அண்ணன் வீட்டு வாசலில் வேலி முழுக்க அரளி.

முடிச்சுக்குக் கீழே வழவழவென்று நேராக இரண்டு மூன்று குச்சிகள். ஏற்கெனவே பிளந்த பாதியில் எது கொய்யா, எது அரளி என்று தெரியாமல் கலந்து கிடந்தது.

4

இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை.

தையல்காரர் தெரிந்து போட்டாரா? இல்லை, வேலியையும் மரத்தையும் ஒரே நாளில் வெட்டி, தெரியாமல் எல்லாவற்றையும் வாரிக் கட்டிவிட்டாரா? நல்லவராக எழுதலாம் என்று உட்கார்ந்தால் அந்தக் கோட்டு கண் முன்னால் ஆடுகிறது. கெட்டவராக எழுதலாம் என்றால், தம்பி குடும்பம் சாப்பிடுகிற சோற்றில் கை வைக்கிற முகமா அது? முகத்தை நான்தான் கொடுத்தேன், அதையும் எவ்வளவு தூரம் நம்புவது?

(அண்ணனைக் கெட்டவனாக்கினால் கதை சீக்கிரம் முடியும். எழுதுகிறவனுக்கு லாபம். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.)

வயர்மேனும் என்னைப் போலத்தான் அலைந்தார். விறகுக் கடைக்குப் போனார், மாங்கட்டை வாங்கினார், கொய்யா விறகை அப்படியே அள்ளித் தார்ப்பாய்க்குக் கீழே தள்ளினார். சனிக்கிழமை மாங்கட்டையில் பீப்பாயை மூட்டினார். மீனை உப்பு நீரில் ஊறப்போட்டு, காற்றில் உலர்த்தி, வலையில் அடுக்கி மூடிபோட்டார். புகை மெல்லிசாக, நீலமாக வந்தது. நல்ல புகை. சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது.

"என் கட்டையைத்தானே போட்டிருக்கே?"

மாதங்களுக்குப் பிறகு அண்ணன் பேசுகிற முதல் பேச்சு.

"ஆமா" என்றார் வயர்மேன். "உங்க கட்டைதான்."

தையல்காரர் மூக்கை உறிஞ்சினார். தலையை ஆட்டினார். இறங்கிப் போய்விட்டார்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அந்தக் கட்டு தார்ப்பாய்க்கு அடியில கிடக்குது. அவர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவர் இலையைக் காட்டினார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா இல்லைன்னுதான் சொல்வாரு. நாளைக்கு முதல் துண்டை அவர் தட்டுல வைக்கறேன். அரளியைப் போட்டது அவர்தான்னா வாயில வைக்க மாட்டாரு. வெச்சா அவர் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுடும்."

"வெச்சா அவருக்குப் பசின்னு தெரியும். வேற என்ன தெரியும்?"

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். பெத்த அண்ணனுக்குப் பரீட்சை வைக்கிறது நீங்க."

(அண்ணனை யார் பெற்றார்கள், கூடப் பிறந்தவன் என்று திருத்தலாம் என்று நினைத்தேன். கோபத்தில் அவள் அப்படித்தான் சொன்னாள். இருக்கட்டும்.)

5

ஞாயிற்றுக்கிழமை மதியம். மேஜை. தையல்காரர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மனைவி சோறு போடுகிறாள், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வயர்மேன் எல்லாவற்றிலும் பெரிய துண்டை எடுத்து அண்ணன் தட்டில் வைக்கிறார்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க."

இதற்கு முடிவு எழுதத்தான் இத்தனை நாளாக உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன்.

முதல் முடிவு: தையல்காரர் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, "என் கொய்யா வாசனை அப்படியே இருக்குதுடா" என்கிறார். அதில் கொய்யா துளிகூட இல்லை. ஆனாலும் அவருக்கு மணக்கிறது. படிக்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அரளி விஷம் என்பதே தெரியாத ஆளும் இப்படித்தான் சாப்பிடுவான்.

இரண்டாவது முடிவு: "எனக்கு வயிறு சரியில்லை, சோறு மட்டும் போதும்" என்கிறார். மாட்டிக்கொண்டார் என்று துள்ளாதீர்கள். நாள் முழுக்க மெஷின் மேல் குனிந்து கிடக்கிறவருக்கு வயிறு சரியாக இருந்தால்தான் அதிசயம். ஒரு ஏப்பத்தை வைத்து ஒரு அண்ணனைத் தள்ளிவைக்க முடியுமா?

மூன்றாவது: மனைவி பொறுக்க மாட்டாமல் கரண்டியைக் கீழே வைத்து, "மாமா, அந்தக் கட்டுல

(இல்லை. அவளைப் பேசவிட்டால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் தப்பித்துவிடுவார்கள். பேச வேண்டியது அவள் இல்லை.)

6

விறகுக் கடைக்கு மறுபடி போனேன். அந்த ஆள் வந்தாரா என்று கேட்டேன். "யாரு?" என்றார் கடைக்காரர். நிஜமாகவே மறந்தாரா, என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாரா, அதுவும் தெரியவில்லை.

எனவே மேஜை அப்படியே இருக்கிறது. தையல்காரரின் கை தட்டை நோக்கி நீண்டிருக்கிறது. சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. வயர்மேன் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கிறார். அதை அண்ணன் பார்த்துவிட்டார்.

இதற்கு மேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடவில்லை என்று எழுதுவது சுலபம். சுவரை இன்னும் இரண்டு அடி உயர்த்திவிட்டுப் போகலாம். சாப்பிட்டார் என்று எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. "நல்லா இருக்குடா" என்று அண்ணன் நிமிர்ந்து பார்க்கும்போது, "அது உங்க கட்டை இல்லண்ணா" என்று தம்பி சொல்லியாக வேண்டும். ஏன் இல்லை என்று அண்ணன் கேட்பார். அதற்குத் தம்பி சொல்கிற பதிலையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

நான் எழுதி எழுதி அடித்துவிட்டேன். எனக்கு அது வரவில்லை.