உதட்டைக் கேட்டவள்

கெசையா ஆர்மெராடுக்கு நாலு வயதில் விஷக் காய்ச்சல் வந்தது. உயிரை மட்டும் விட்டுவைத்து இரண்டு காதையும் கொண்டுபோனது. எதிரில் இருப்பவர் உதடு தெரிந்தால் போதும், என்ன பேசுகிறார் என்று பிடித்துக்கொள்வாள். ஆனால் அவள் வீட்டில் யாரும் முகம் காட்டிப் பேசுபவர்களில்லை. அப்பா நாள் முழுக்கக் கைத்தறியில் குனிந்தபடியே பேசுவார். அவள் குரல் தகரத்தைக் கல்லில் இழுப்பதுபோல இருக்கிறது என்று அக்கா ஒருநாள் யாரிடமோ சொன்னதை அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு வெளியார் முன்னால் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் அவர்கள் இருந்த பள்ளத்தாக்குக்கு நீராவித் தறி வந்த பின் அப்பாவின் துணியைக் கேட்க ஆளில்லை. கெசையாவுக்கு இருபத்திரண்டு வயதானபோது அவர் அவளை மில்லுக்கு அனுப்பினார். "நம்ம சோத்துல மண்ணைப் போட்ட பிசாசு அது. அதுக்கே புள்ளைய அனுப்ப வேண்டியதாப் போச்சு" என்றார். அன்றைக்கு மட்டும் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கூடத்தில் முந்நூறு தறிகள். அதே நாளில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். கெசையாவுக்குத் தரை மட்டும் உள்ளங்காலில் அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த இரைச்சலில் கத்தினாலும் பக்கத்துத் தறிக்கு எட்டாது என்பதால், அத்தனை பெண்களும் வாயை அகலத் திறந்து, உதட்டை இழுத்து இழுத்துச் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தி மாமியாரைத் திட்டினாள். ஜன்னலோரத்தில் ஒருத்திக்குப் பல்வலி. எல்லாமே அவளுக்குப் புரிந்தது.

அடுத்த தறியில் நின்ற செலினா உதட்டாலேயே கேட்டாள். "எந்த மில்லுல இருந்துடி வர்றே?"

"எந்த மில்லும் இல்ல. இன்னைக்குத்தான் முதல் நாள்."

"முதல் நாளே உதட்டால இவ்ளோ சரளமா பேசுறே! என் காதுல பூ சுத்தாதே."

"சுத்துறதா இருந்தா என் காதுல சுத்து. ரெண்டும் சும்மாத்தான் கிடக்கு."

செலினா சிரித்த சிரிப்பில் நூல் அறுந்தது.

மற்றவர்கள் ஒரு வருஷத்தில் கற்றதை கெசையா வரும்போதே கொண்டுவந்திருந்தாள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து சேதி வந்தால் அவளிடம்தான் கேட்பார்கள். அவள் குரல் எப்படியிருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கூடத்துக்குள் யார் குரலும் யாருக்கும் கேட்காது. பதினெட்டு வருஷம் பேசாததையெல்லாம் அவள் அங்கே பேசித் தீர்த்தாள்.

கூடத்தின் ஒரு பக்கத்தில், வேலையாட்களைக் கண்காணிக்கப் பெரிய கண்ணாடி வைத்து மேனேஜர் விட்லோ அறை கட்டியிருந்தார். உள்ளிருந்து வெளியே தெரிகிற கண்ணாடி வெளியிலிருந்து உள்ளேயும் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. அவள் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது; ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் மேஸ்திரி நட்டலிடம் சொன்னது கெசையாவின் கண்ணில் பட்டது.

"எப்பவும்போல மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வெளிய போனதும் கடிகார முள்ளைக் கால் மணி பின்னுக்குத் தள்ளிடு. இன்னைக்கும் ஒருத்திக்கும் தெரியப் போறதில்ல."

சட்டப்படி ஆறு மணிக்கு வேலை முடிய வேண்டும். மில்லின் சுவர்க் கடிகாரம் காட்டுவதுதான் நேரம், வேறு யாரும் உள்ளே கடிகாரம் வைத்துக்கொள்ளக் கூடாது. தேவாலய மணி அடித்தாலும் தறிச் சத்தத்தில் கேட்காது.

கெசையா செலினாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள். செலினா அடுத்தவளுக்குச் சொன்னாள். பத்தே நிமிஷத்தில் முந்நூறு தறிக்கும் சேதி போய்விட்டது. மேஸ்திரி நட்டல் அவர்களுக்கு நடுவிலேயே நடந்துகொண்டிருந்தார். எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் மாலை. பேசிவைத்தபடி செலினாவின் அம்மா, மில் ஜன்னலிலிருந்து தெரியும் எதிர்ச் சரிவில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். தேவாலயத்தில் ஆறு மணிக்கான முதல் அடி விழுந்ததும் வெள்ளைப் போர்வையை உதறினாள். அதைப் பார்த்து ஜன்னலோரத்துப் பெண் கையைத் தூக்கினாள். தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன.

பெண்களின் தலைகள் ஒரே பக்கமாகத் திரும்புவதை கெசையா பார்த்தாள். மணியின் மிச்ச அடிகள் அவர்களுக்குக் கேட்கின்றன என்று புரிந்தது. சுவரில் மில் கடிகாரம் ஆறடிக்கக் கால் மணி என்று காட்டியது.

விட்லோ அறையை விட்டு ஓடி வந்தார். "யாரு நிறுத்தச் சொன்னது? கடிகாரம் கண்ணுக்குத் தெரியலையா? யாரு கிளப்பிவிட்டது இதை?"

அவர் விரல் செலினா பக்கம் நீண்டது. "நீதானே?"

கெசையா முன்னால் வந்தாள். "நான்தான். நேத்து நீங்க மேஸ்திரிகிட்ட பேசுனதைப் பார்த்தேன்."

அவள் குரலை அந்தக் கூடம் கேட்டது அன்றுதான். சில முகங்கள் சுளித்தன. பின்வரிசையில் ஒருத்தி கையால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கினாள். இரண்டு வருஷமாக இல்லாத ஊனம், சத்தம் நின்ற அந்த நிமிஷத்தில் அவளிடம் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தாமல், விட்லோ சொன்னதை வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தாள்.

"செவிடியா நீ?" என்றார் விட்லோ.

செலினா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். சால்வையை எடுத்துப் போர்த்தியபடி எல்லோரும் வெளியே நடந்தார்கள்.

பத்து நாளில் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். மில்லுக்கு அபராதம் விழுந்தது. கடிகாரப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். கெசையாவை வேலையை விட்டு நீக்கினால் மற்றவர்களும் வெளியேறுவார்கள் என்று தெரிந்து, விட்லோ அவள் மேல் கை வைக்கவில்லை. அறைக் கண்ணாடிக்கு மட்டும் வெள்ளை பூசச் சொன்னார்.

"உன் குரலுக்கு அன்னைக்கு சிரிச்சவ என் சிநேகிதிதான்" என்றாள் செலினா, வீட்டுக்குப் போகும் வழியில். "ரொம்பத்தான் சிரிக்காதடின்னு சொன்னேன். இன்னும் பத்து வருஷம் இந்தத் தறிகிட்ட நின்னா நம்ம எல்லாருக்கும் காது போயிடும். எங்க அத்தைக்குப் போயே போச்சு."

அதை யாரும் முன்பு கெசையாவிடம் சொன்னதில்லை. தனக்கு வாழ்வு கொடுத்த இரைச்சல் மற்றவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்தபடி நடந்தாள். அதற்காகத் தறியை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் வழக்கம்போலக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரசங்கியார் தாடிக்காரர், உதடே தெரியாது; இத்தனை வருஷத்தில் அவர் பேச்சில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு எட்டியதில்லை. அவளுக்கு முன் பெஞ்சில் இருந்த செலினா வெட்கமில்லாமல் பின்னால் திரும்பி உட்கார்ந்து, பிரசங்கத்தை உதட்டால் சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் சலித்துவிட்டது.

"போன வாரம் சொன்னதையேதான் திரும்பச் சொல்றாரு" என்றாள்.

"போன வாரம் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் கெசையா.