டப்பா மூடிச் சத்தம்

சீட்டுக் குலுக்கியதில் அக்கா தங்கை இருவரில் பெரியவளுக்கு விழுந்தது நலிய வேண்டிய கூட்டம். வைட்டமின் சி மிகக் குறைவாகப் பெறும் பத்து கினிப் பன்றிகள், ஆய்வுக்கூடத்தின் இடப்பக்கக் கூண்டுகளில். நிறையப் பெறும் பத்து வலப்பக்கம், கூடப் பிறந்த தங்கையின் பொறுப்பு. இரண்டு தீனியையும் கலப்பவளும் தங்கைதான். நம்மைப் போலவே இந்தப் பிராணிக்கும் அந்தச் சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளத் துப்பில்லை. தீனியில் வந்தால்தான் உண்டு.

முதல் தடவை பிராணிகளின் ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தங்கை பக்கத்துப் பிராணிகளின் வெள்ளையணுக்கள் கிருமியைக் கண்டதும் பாய்ந்து பாய்ந்து விழுங்கின. இவள் பக்கத்தவை சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருப்பதுபோல அசைந்தன. அப்படித்தான் அசைய வேண்டும், சோதனையே அதுதானே! ஆனால் பேராசிரியர் தங்கையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். மாநாட்டில் அவள்தான் பேசுவாளாம். வீட்டில் அம்மா வேறு, "சின்னவ கை பட்டா எதுவும் தேறிடும்டி" என்றாள். இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. சின்ன வயதிலிருந்து இதே பாட்டுதான்.

மறுநாள் முதல் இவள் சாப்பாட்டு டப்பாவில், வைட்டமின் சி நிறைந்த சிவப்புக் குடமிளகாய் கூடுதலாக வந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன் பத்துக்கும் ஆளுக்கொரு துண்டு.

"தின்னுங்கடி, என் மானத்தக் காப்பாத்துங்க."

பாவம் பார்த்துப் போடுவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுத்தப் பொய். பொறாமை, வேறென்ன!

அடுத்த ரத்தச் சோதனையில் இரண்டு பக்கமும் ஒரே பாய்ச்சல். பேராசிரியர் முகம் கறுத்துவிட்டது.

"தீனிய நீதானேம்மா கலந்தே? ரெண்டு பக்கமும் ஒரே தீனியக் கொட்டிட்டியா?" என்று தங்கைமேல் எரிந்து விழுந்தார்.

"இல்ல சார், சத்தியமா இல்ல."

"அப்புறம் எப்படி? போதும், நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

பெரியவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கூண்டுகளை ஒட்டிய கைகழுவும் தொட்டியருகே தங்கை மூக்கு சிவக்க அழுதுகொண்டு நின்றாள். பார்க்கப் பார்க்க இவளுக்குத் தாராள மனசு வந்துவிட்டது. ஜெயித்தவளுக்கு வராமல் யாருக்கு வரும்?

"அழாதடி. காலையிலேர்ந்து பட்டினியா கெடக்கே. மொதல்ல ஒரு வாய் சாப்பிடு" என்றபடி பையிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியை டக்கென்று திறந்தாள்.

இடப்பக்கப் பத்தும் கம்பியில் முன்னங்காலை ஊன்றி எழுந்து வீல் வீலென்று கத்தின. வலப்பக்கத்தில் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை.

இன்னும் அங்கேயே நின்றிருந்த பேராசிரியர் கூண்டுகளைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார். தங்கையின் அழுகை நின்றுவிட்டது. அவள் கண் அந்தச் சிவப்புத் துண்டுகளைவிட்டு நகரவில்லை.

"ஏன்க்கா?" என்றாள்.

இவள் அவசரமாக மூடியை அழுத்தினாள். மறுபடி டக்கென்றது. அவை இன்னும் பலமாகக் கத்தின.