இரத்தினபுரி வழி

பதுளைக்கு எந்த வழியால் போவது என்ற வாக்குவாதம் வெள்ளவத்தை வீட்டில் மூன்று நாளாக நடந்தது. மகள் சாம்பவிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை காலை சிசேரியன் என்று நாள் குறித்திருந்தார்கள். வியாழனே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதில் பத்மாவதிக்கும் கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் பேதமில்லை. வழிதான் பிரச்சினை. அவர் இரத்தினபுரி, பலாங்கொடை, ஹப்புத்தளை என்று மலையேறும் பழைய வழியைச் சொன்னார். அவளோ கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறித் தெற்கே மத்தளை வரை போய், அங்கிருந்து வெல்லவாயாவால் மேலே ஏறுவோம் என்றாள். தூரம் கூடுதல்தான். ஆனால் ஒரு கிழமையாக விடாத மழை. வானொலியில் மண்சரிவு எச்சரிக்கை வாசித்தபடி இருந்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் அந்தப் பழைய வழியில் பெரகலைக்குக் கிட்ட, முன்னால் போன வான் வண்டியின் கூரையில் கல் விழுந்ததைக் கண்ணால் கண்டவள் அவள்.

"முப்பது வருசம் ஓடின ரோட்டு அது. தேயிலை பக்டரி ஒவ்வொண்டுக்கும் மெசின் திருத்தப் போனனான். ஒவ்வொரு வளைவும் எனக்குப் பாடம். நீர் ஏன் பயப்பிடுறீர்?" என்றார் அவர்.

கடைசியில் கீழ்வீட்டு பாயிஸ்தான் முடித்துவைத்தார். வாடகைக்கு வான் விடுகிறவர். "ஹைவேயில போங்க அங்கிள். என்ட ரெண்டு வேனும் நேத்து ரத்னபுரித் தண்ணியில மாட்டித் திரும்பி வந்த."

ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து உள்ளே போய்விட்டார். தோற்றதில் கோபம் என்று பத்மாவதி நினைத்துக்கொண்டாள்.

வியாழன் விடிந்ததும் புறப்பட்டார்கள், அவர்தான் ஓட்டினார். நுகேகொடையைத் தாண்டும்வரை தூறல்தான். அதிவேகப் பாதையில் ஏறிய பிறகு மழை பிடித்துக்கொண்டது.

"தொடங்கொடைப் பெயர்ப்பலகை வந்திட்டுதோ?" என்று அவர் கேட்டார்.

பச்சைப் பலகை ஒரு வீட்டுச் சுவர் அளவு பெரிதாக இடப்பக்கம் நின்றது. அதை அப்போதுதான் கடந்திருந்தார்கள். "இப்பதானே போச்சு. பாக்கேல்லையே?"

"மழைக்குள்ள என்னத்தைத் தெரியுது."

அவளுக்குத் தெரிந்தது. வைப்பர் நன்றாகத்தான் துடைத்துக்கொண்டிருந்தது. அவள் சீட் பெல்டை இறுகப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

சிறிது தூரத்தில் இடது ஓரமாக ஒரு லொறி நின்றது. பழுதாகியிருக்க வேண்டும், பின்பாதி பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்க, விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. அவர் வேகத்தைக் குறைப்பார் என்று காத்திருந்தாள். குறையவில்லை.

"லொறி நிக்குது," என்றாள்.

"எங்க?"

எட்டி ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்தாள். லொறியின் மூலை காரின் இடப்பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. பின்னால் வந்த பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தபடி விலகியது. கார் ஆடி, பிறகு நேரானது.

"வெலிப்பென்னையில நிப்பாட்டுங்கோ," என்றாள். அந்த ஓய்விடம் வரும்வரை ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு வாகனத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொன்னபடி அவர் ஓட்டினார்.

காரை நிறுத்திய பிறகும் அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "பொரளையில கண் டொக்டரிட்டக் காட்டினனான். கண்ணுக்குள்ள பிரஷர் கூடி நரம்பு பழுதாப் போச்சாம். இடது பக்கம் இல்லையெண்டே சொல்லலாம். நடுவில மட்டும், குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி."

"எப்ப காட்டினது?"

"மாசியில."

இப்போது ஐப்பசி. சித்திரையில் கண்டிக்குப் போய்வந்தார்கள். கிழமைக்கு இரண்டு தரம் மருதானைக்கு. அத்தனை பயணத்திலும் அவள் பக்கத்தில் இருந்து வாய் ஓயாமல் கதைத்திருக்கிறாள்.

"ரத்தினபுரி ரோட்டெண்டா பழக்கத்தில ஓட்டியிருப்பன். அதாலதான் கேட்டனான். இஞ்ச ஒண்டும் தெரியாது. எனக்கும் பயம்தான் பத்மா."

மலையில், மழைக்குள், பள்ளம் இடப்பக்கம் இருக்க, இந்தக் கண்ணை நம்பி ஏறியிருப்பார்கள். கதவைத் திறந்து கொஞ்ச நேரம் மழையில் நின்றாள். பிறகு மறுபக்கம் வந்து, "இறங்குங்கோ," என்றாள்.

பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு அப்பால் அவள் கார் ஓட்டியதே இல்லை. ஐம்பத்தொன்பது வயதில், கை நனைந்து வழுக்க, இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் போனாள். கொள்கலன் வண்டிகள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு கடக்கும்போதெல்லாம் சில நொடிகளுக்கு ஒன்றும் தெரியாது. இவருக்கு எப்போதும் இப்படித்தானா என்று அந்த நொடிகளில் நினைத்தாள். அவர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு இருந்தார்.

வெல்லவாயாவை அடையப் பிற்பகல் இரண்டு மணியாகிவிட்டது. மேலே மலையைக் காணவில்லை, பனிப்புகார்தான் நின்றது. காரைத் தேநீர்க் கடையொன்றின் முன் நிறுத்தி மருமகனுக்குப் போன் எடுத்தாள்.

"ஜனா, நான் இதுக்கு மேல ஏற மாட்டன். ஏலாது. நீர் வந்து ஏத்திக்கொண்டு போம்."

"மாமா ஓட்டேல்லையோ மாமி?"

"இனி மாமா ஓட்டமாட்டார்."

அதை அவர் பக்கத்தில் இருந்து கேட்டார்.

ஜனா பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்து, காரை ஓட்டி அவர்களை மேலே கொண்டுபோனான். புகாருக்குள் ஒவ்வொரு வளைவிலும் பத்மாவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

வெள்ளி காலை பெண் குழந்தை. துணியில் சுற்றி அவருடைய கையில் கொடுத்தார்கள். அவர் குழந்தையை அசைக்காமல் தன் தலையை மட்டும் மெல்ல மெல்லத் திருப்பி, முதலில் ஒரு கன்னம், பிறகு மூக்கு, பிறகு மற்றக் கன்னம் என்று பார்த்தார்.

"அப்பா ஏன் அப்பிடிப் பாக்கிறார்?" என்று கட்டிலில் கிடந்த சாம்பவி கேட்டாள்.

"பிறகு சொல்லுறன்," என்ற பத்மாவதி, குழந்தையின் தலைக்குக் கீழே தன் கையையும் கொடுத்தாள்.