ஏழு தந்தையருக்கு ஒரு மடிக்கணினி

முதல் அடி ஒத்திகையில் விழுந்தது. வாங்கியவன் ஜபார்குல். கொடுத்தவன் நான். ஆறு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்று தந்திக் கோமுஸ் மீட்டியவனின் மூக்கு எவ்வளவு மெல்லியது என்று அன்றுதான் தெரிந்தது.

பிஷ்கெக் இசை மன்றத்தில் நாங்கள் ஏழு கோமுஸ்காரர்கள். பெர்லினில் இரண்டு வருடம் இருந்துவிட்டு எல்சார் வந்து சேர்ந்தார். இசையமைப்பாளர் என்றால் கோபித்துக்கொள்வார். 'ஒலிச் சிற்பி' என்று சொல்ல வேண்டும். சிற்பியின் திட்டம் இது: ஒரே ஒருவர் மீட்டுவார். கோமுஸில் கவ்விய சின்ன ஒலிவாங்கி அதைக் கணினிக்கு அனுப்பும். கணினியில் உள்ள மென்பொருள் அந்தக் கணமே அதைத் தாழ்த்தி, உயர்த்தி, பிந்த வைத்து, ஏழாக்கி வெளியே விடும். சனிக்கிழமை மதியக் கச்சேரிக்குத் துணை அமைச்சர் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஒரு கோமுஸ்காரர் போதும், மற்ற ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம். அந்த ஒருவன் ஜபார்குல்.

"ஆறு வீட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டியேடா" என்றேன், குத்துவதற்கு முன்.

"கூப்பிட்டாங்க, போனேன். உன்னைக் கூப்பிட்டிருந்தா நீ போயிருக்க மாட்டியா?"

போயிருப்பேன். அதனால்தான் கொஞ்சம் பலமாகவே குத்தினேன்.

எங்கள் குழுவில் மூத்தவர் புருல்சா. எல்லோருக்கும் அக்கா முறை, அதனால் எஜே என்போம். முரட்டுக் குதிரையையும் ஒரே தட்டில் அடக்குகிற கை. அவர்தான் எங்களைப் பிரித்துவிட்டார்; பிரிக்கும்போதே ஆளுக்கொன்று கொடுத்தார். "மூக்கை உடைச்சு என்னடா ஆகப்போகுது? உடைக்க வேண்டியது அந்தப் பொட்டியை."

சனிக்கிழமை வந்தது. படைப்பின் பெயர் 'ஏழு தந்தையர்'. எல்சார் அதற்கு இரண்டு பக்கம் விளக்கம் அச்சடித்திருந்தார். மூதாதையரின் நினைவு நம் ரத்தத்தில் அதிர்கிறதாம். மென்பொருள் அதைத் தோண்டி எடுக்கிறதாம். ஜபார்குல் வீங்கிய மூக்கோடு தந்தியைத் தொட்டான். ஏழு பேர் மீட்டியது போலக் கூடம் அதிர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. துணை அமைச்சர் தலையாட்டத் தொடங்கியதும் எஜே மேடையேறினார். பின்னாலேயே நாங்கள் ஐந்து பேர்.

எல்சார் கணினிக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார். "எஜே, கச்சேரி நடந்துக்கிட்டிருக்கு!"

"நடக்கட்டும் தம்பி. ஒரே ஒரு கேள்வி. உன் ஏழு அப்பன் பேரைச் சொல்லு. சொல்லிட்டா நாங்களே இறங்கிப் போயிடறோம்."

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற ஏழு தலைமுறைப் பெயர் வரிசை அது. தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

"அப்பா கச்சிபெக்... அவங்கப்பா ஓரோஸ்பை... அவங்கப்பா மம்பெத்... அப்புறம்..."

ஜபார்குலின் கோமுஸில் ஒலிவாங்கி திறந்தே இருந்தது. 'அப்புறம்' என்ற சொல் கிழவன் குரலிலும் ஆட்டுக்குட்டிக் குரலிலுமாக ஏழு முறை சுவருக்குச் சுவர் மோதியது. முன்வரிசை முதியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பைச் சிற்பியால் தாங்க முடியவில்லை. இசைத்தாள் வைக்கும் இரும்புத் தாங்கியைத் தூக்கி எஜேயின் தலையில் இறக்கினார்.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது. நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமலே எஜே சிற்பியின் காதைப் பிடித்து இழுத்துத் தரையில் மோதினார். காது பாதி கையோடு வந்தது. நான் ஜபார்குலின் விலாவில் உதைத்தேன். அவன் முழங்கையை வீசினான். என் இரண்டு பல் உள்ளங்கைக்கு வந்தது. யாரோ யார் விரலையோ கடித்தார்கள். அது எங்கள் ஆளின் விரல்தான் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு குத்தும் ஏழு குத்தாகக் கேட்டது. என் மணிக்கட்டு ஒருமுறைதான் முறிந்தது. ஏழு முறை கேட்டேன். கேட்கக் கேட்க வெறி ஏறியது. அந்த வெறியில், உடைக்க வந்த பெட்டியை ஆறு பேரில் ஒருவரும் தொடவில்லை.

காவலர்கள் எங்களைப் பிய்த்து எடுத்தபோது கூடம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. துணை அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான்யா நம்ம வரலாறு!"

திங்கட்கிழமை ஆறு பேருக்கும் வேலைநீக்க உத்தரவு வந்தது. அடிதடிக்காக இல்லை. அன்றைய உதை, வசவு, பல் உதிர்ந்த சத்தம் எல்லாவற்றையும் கணினி பிடித்து வைத்திருந்ததாம். 'குழுவினரின் பங்களிப்பு மென்பொருளில் முழுமையாகக் கிடைப்பதால்' என்று காரணம் போட்டிருந்தார்கள்.

இப்போது ஜபார்குல் ஊர் ஊராகப் போகிறான். பதினோராவது நிமிடம் ஒட்டுப்போட்ட காதோடு எல்சார் ஒரு விசையைத் தட்டுவார். நாங்கள் ஆறு பேரும் வெறும் ஒலியாக மேடையேறுவோம். நான் மினி பஸ் ஓட்டுகிறேன், மணிக்கட்டு மழைக்கு வலிக்கிறது. போன வாரம் எஜே காசு கொடுத்து டிக்கெட் எடுத்துப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"எப்படி எஜே இருந்துச்சு?"

"என் அடி கணக்கா விழுதுடா" என்றார். "நீதான் தாளத்துல இல்ல."