கனகராஜின் சம்மதம்

முப்பது வருடம் சாந்தோமில் ஞாயிறு மறைக்கல்வி நடத்திய ஐரினுக்கு அந்த விதி தலைகீழ்ப் பாடம். சாகக்கிடப்பவருக்குச் சாமியார் வர நேரமில்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சாதாரணத் தண்ணீர் போதும். பெரியவர் என்றால் மட்டும் அவர் சம்மதம் வேண்டும்.

அந்தச் சம்மதம்தான் இடித்தது. கட்டிலில் கிடந்த அவள் கணவர் கனகராஜ், சாமியே இல்லை என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொல்லி வருபவர். ஈரல் போய், இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"இன்னும் என்னக்கா யோசிச்சிக்கினு இருக்க? ஊத்து," என்றாள் போனில் தங்கை ஜொவிட்டா. "அப்புறம் காலத்துக்கும் நரகத்துல எரிவாரு. உனக்குப் பரவாயில்லையா?"

பரவாயில்லையா என்றால் எப்படி? மூன்று மாதமாக அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, இடுப்பு விட்டுப்போயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. நம்பாதவர்களுக்கு முடிவில்லாத நரகம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்போதெல்லாம் அந்த நரகத்தில் அவளுக்கு முகம் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

போனை வைத்துவிட்டு, கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தாள். நெற்றிக்கு மேலே கொண்டுபோன டம்ளர் சரிந்து இரண்டு சொட்டு விழ, பாழாய்ப்போன மனுஷன் கண்ணைத் திறந்தார்.

"இன்னா பண்ற?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். மறைக்கவும் சலிப்பாக இருந்தது. "ஞானஸ்நானம். நீங்க சரின்னு சொல்லணும். இல்லைன்னா செத்தப்புறம் நீங்க எங்கயோ, நான் எங்கயோ. என்னால முடியலைங்க."

அவருக்கு மூச்சு வாங்கியது.

"எனக்கு நம்பிக்கை கிடையாது. அதுல பொய் சொல்லமாட்டேன். ஆனா நீ நிம்மதியா தூங்குவேன்னா ஊத்திக்கோ. நான் சரின்னேன்."

ஐரினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது கனகராஜ் மேல் இல்லை. ஒன்றையுமே நம்பாத இந்த ஆளுக்குச் சாகிற நேரத்தில் அவள் தூக்கம் பெரிதாகப் படுகிறது. இவரைப் படைத்தவருக்கு இந்த அளவு மனசுகூட இருக்காதா? இருக்காது என்றால், இத்தனை வருடம் யார் முன்னால் முழங்கால் போட்டேன்?

அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரை ஸ்பூனில் எடுத்து வாயில் விட்டாள். நாலு ஸ்பூன் இறங்கியது.

மறுபடி போன் அடித்தது. "ஊத்துனியாக்கா?"

"தாகமா இருந்தாரு. குடிக்கக் குடுத்துட்டேன்," என்றாள் ஐரின். "மத்ததை ஆண்டவர்கிட்ட நானே நேர்ல பேசிக்கறேன்."