பச்சை நூல் குட்டியின் நிதானம்

அந்தக் குட்டியின் கழுத்தில் இருந்த கம்பளி நூல் பச்சை என்றுதான் இத்தனை காலமாகச் சொல்லி வருகிறேன். இப்போது யோசித்தால் நீலமாகவும் இருந்திருக்கலாம் என்று படுகிறது. அது நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்ன மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் பலமுறை அசைபோட்டதில், எது அவர்கள் சொன்னது, எது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. நூல் பச்சையாகவே இருக்கட்டும்.

ஸ்காட்லாந்தில், ட்வீட் ஆற்றுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நினியன் டர்ன்புல் வேட்டைக் காவலராக இருந்தார். அவருடைய லாப்ரடார் நாய் டெஸ், மார்ச் மாதக் குளிரில் எட்டுக் குட்டி போட்டது. எட்டும் கறுப்பு. பிறந்த புதிதில் லாப்ரடார் குட்டிகளுக்குள் வித்தியாசமே தெரியாது, எல்லாம் நனைந்த கையுறை மாதிரிதான் கிடக்கும். அதனால் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் கட்டுவது வழக்கம். குட்டி வளர வளர நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். அந்த வேலை நினியனின் மனைவி ரோனாவுடையது.

கடைசியாகப் பிறந்தது பச்சை. மற்ற ஏழும் அதன் தலைமேல் ஏறி மிதித்துக்கொண்டு பால் குடித்தன. நினியன் அதைக் கையில் எடுத்து ஒருமுறை நிறுத்துப் பார்த்தார்.

"இது தேறாது" என்றார்.

அந்த வீட்டில் ஒரு விஷயத்தை ஒருமுறைக்கு மேல் சொல்ல மாட்டார்கள். ரோனா குட்டியைத் துண்டில் சுற்றி, இரும்புச் சமையல் அடுப்பில் தட்டுகளைச் சூடாக வைக்கிற அடி அறைக்குள் வைத்து, அதன் கதவைத் திறந்தே விட்டாள். மெல்லிய கதகதப்பு. ஆட்டுக்குட்டிகளையும் அங்கேதான் வைப்பார்கள். குட்டிகளுக்கான பால் பொடியைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் துளித் துளியாகக் கொடுத்தாள். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், குப்புறப் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடாத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கூடப் போகத் தெரியாது. இரண்டு வாரம், இரவு பகல் பார்க்காமல் இதையே செய்தாள்.

ரோனா அதிகம் பேசாதவள் என்று ஊரில் பெயர். எதையும் மனசுக்குள்ளேயே நெடுநேரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் அவள். அப்படிப் பார்த்து முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். பச்சைக்கு அந்த அவசரம் இல்லை. வயிறு நிறைந்ததும் அவள் உள்ளங்கையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். இதன் உயிர் என் கையில் இருந்தது, இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அது பாசமா, தற்பெருமையா என்றும் யோசித்தாள். முடிவு தெரியவில்லை. குட்டி வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

சிக்கல் என்னவென்றால், முதல் தேர்வு ஹால்டேனுடையது. குட்டிகளின் தகப்பன் நாய் அவருடையது. அதற்குக் கூலியாகக் காசு வாங்காமல், எட்டில் எது பிடித்ததோ அதை முதலில் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இதற்குக் காகிதம் கிடையாது. கையைக் குலுக்கினால் முடிந்தது.

"அந்தப் பச்சையை நாமளே வெச்சுக்கலாம்" என்றாள் ரோனா ஒருநாள்.

நினியன் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு பூட்ஸ் முடிந்த பிறகுதான் பேசினார்.

"ஹால்டேன் எடுத்தது போக ஒண்ணு நமக்கு. எது வேணுமோ நீயே எடுத்துக்கோ. மிச்சத்துக்கெல்லாம் ஆள் வந்தாச்சு."

"அவர் பச்சையை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா எடுத்துட்டார். கை குடுத்துட்டேன் ரோனா."

"ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்."

"என்னன்னு? என் பொண்டாட்டி ஆசைப்படறா, நீங்க அந்தப் பக்கம் மட்டும் பாக்காதீங்கன்னா? முப்பது வருஷமா வேட்டைநாய்க் களப்போட்டிக்கு நடுவரா இருக்கற மனுஷன்கிட்டயா? போன இடத்துலல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

இரண்டாவது பூட்ஸை எடுத்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

மூன்றாவது வாரத்திலிருந்து கூழ் ஆரம்பித்தது. ஊறவைத்த குட்டித் தீவனத்தை மசித்து விரலில் தடவிக் காட்ட வேண்டும். பிறகு தட்டையான தட்டில் ஊற்றி நடுவில் வைக்க வேண்டும். எட்டும் அதற்குள் இறங்கி நடக்கும், படுக்கும், ஒன்றையொன்று நக்கும், அப்புறம் டெஸ் வந்து எட்டையும் தட்டையும் சேர்த்து நக்கிச் சுத்தம் செய்யும். ஆறு வாரம் ஆனபோது நாளைக்கு நான்கு வேளை. ஒவ்வொரு வேளையும் நினியன் விசில் ஊதித்தான் தட்டை வைப்பார், பின்னால் விசில் கேட்டால் ஓடிவரப் பழக வேண்டுமே. இன்னும் கொஞ்சம் கிடைத்தால் தேவலை என்று குட்டி நினைக்கிற கட்டத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். லாப்ரடாருக்கு அதைத் தவிர வேறு கட்டமே கிடையாது.

அதற்குள் பச்சை தேறியிருந்தது. தேறியது மட்டுமில்லை, எட்டில் அதுதான் துறுதுறு என்று திரிந்தது. கண்ணில் ஒரு பளபளப்பு. தபால் கொண்டுவரும் செங்கா தினமும் கூண்டுக்கு மேல் குனிந்து பார்த்துவிட்டுப் போவாள்.

"ஹால்டேன் கண்ணை மூடிட்டு இதத்தான் தூக்குவாரு பாரு."

"ம்."

"ம்முன்னா? ஒரு வழி பண்ணு. போட்டோவுக்கு நிக்கப் பிடிக்காத பசங்க மூஞ்சியக் கோணலா வெச்சுக்குவாங்கல்ல, அந்த மாதிரி ஏதாவது."

"நாய்கிட்ட எப்படிடீ சொல்றது?"

"என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு எப்படிக் கிடக்காருன்னு நீ பாத்ததில்லையே. கல்யாணச் சந்தையில நிறுத்தினா ஒருத்தி தொடமாட்டா."

செங்கா சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். ரோனா அந்தச் சொல்லை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். நாலு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஹால்டேன் முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தார்: நான் வருகிற அன்று காலையில் குட்டிகளுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், பசித்த குட்டிதான் தன் குணத்தைக் காட்டும். நினியன் சொன்ன சொல் தவறாமல் விசிலைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஏழு குட்டிகள் கூரை பறக்கக் கத்தின. எட்டாவது குட்டி அப்போது சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் அறையில் இருந்தது.

ரோனா முதலில் ஊறவைத்த தீவனம் வைத்தாள். தீர்ந்தது. பாலில் கரைத்த ஓட்ஸ் வைத்தாள். தீர்ந்தது. வேகவைத்த முட்டை. ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த மாட்டுக்கறியை மசித்து, ஒரு பிடி, பிறகு இன்னொரு பிடி. இது சரியில்லை, வயிறு கெட்டுப்போகும் என்று கை தயங்கியது. குட்டி அந்தக் கையையும் நக்கியது. கடைசியில் பச்சையின் வயிறு மத்தளம் மாதிரி ஆகி, நான்கு கால்களும் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன. முகத்தைத் துடைத்து, மற்ற குட்டிகளோடு கொண்டுபோய் விட்டாள். ஹால்டேன் இதைப் பார்த்து, மந்தம் என்று ஒதுக்கிவிடுவார். ஒரே ஒரு மத்தியானம் அது மந்தமாக இருந்தால் போதும்.

ஹால்டேன் வந்தார். நெடிய உடம்பு, இடுப்பில் லேசான சாய்வு, அளந்து பேசுகிற குரல். தேநீரை மறுத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்தார். அதில் காட்டுக்கோழியின் இறக்கை சுற்றிக் கட்டியிருந்தது. குட்டிகள் நடுவில் அதை வீசினார்.

ஏழு குட்டிகளும் அதன்மேல் பாய்ந்தன. பழுப்பு நூல்காரன் காலுறையின் ஒரு முனையைக் கவ்விக்கொண்டு ஹால்டேனின் கால்சட்டையையும் சேர்த்து இழுத்தான். சத்தமும் தூசியும் வைக்கோலுமாக ரகளை.

பச்சை உட்கார்ந்திருந்தது. கண் மட்டும் இறக்கை போன பக்கம் போனது. மற்றபடி அசையவில்லை.

ஹால்டேன் காலுறையை எடுத்து மறுபடி வீசினார், பச்சையின் மூக்குக்கு அருகில். பச்சை அதைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. மெதுவாக வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தது.

ஹால்டேன் தொப்பியைக் கழற்றினார்.

"நினியன்… இது என்னப்பா?"

"குட்டி" என்றார் நினியன். வேறென்ன சொல்வது?

"ஏழு வாரத்துல நிதானம்! பறவை விழுது, இது பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. சொல்லாம போகமாட்டேங்குது. இதைக் கத்துக்குடுக்க நான் ரெண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்துவேன்ப்பா. இது பொறக்கும்போதே கொண்டு வந்திருக்கு."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைவிடப் பெரிய சொல் கிடையாது. துப்பாக்கி வெடித்துப் பறவை விழும்போது, ஏவும்வரை அசையாமல் இருக்கிற நாய்க்குத்தான் மரியாதை. ஏவாமல் ஓடுகிற நாய் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் களத்தை விட்டு வெளியே. முப்பது வருடம் அந்த ஒரு குணத்தையே தேடியவர் கண்ணுக்கு, தின்று களைத்துக் கிடந்த குட்டி அப்படித் தெரிந்தது.

ரோனா வாய் திறந்தாள். அவள் இப்படி உடனே பேசுவது அபூர்வம்.

"மிஸ்டர் ஹால்டேன், அது சாப்பிட்டிருக்கு. நான்தான் குடுத்தேன். காலையில, தனியா. அதான் அசைய முடியல."

ஹால்டேன் அவளைக் கனிவாகப் பார்த்தார்.

"உங்களுக்கு அது மேல ஆசை. கைப்பால் குடுத்து வளர்த்தீங்கன்னு கேள்விப்பட்டேன். விட மனசு வரல, இல்லையா?"

"ஆசைதான். ஆனா சொல்றது நிஜம். கறி, முட்டை, ஓட்ஸ்…"

"மிஸஸ் டர்ன்புல், நான் வாழ்க்கையில எவ்வளவோ லாப்ரடாரைப் பாத்துட்டேன். வயிறு நிறைஞ்ச லாப்ரடார்னு ஒண்ணை மட்டும் இன்னும் பாக்கல. கல்யாண விருந்தே தின்னிருந்தாலும் இறக்கையைப் பாத்தா எழுந்திருக்கும்." பிறகு நினியன் பக்கம் திரும்பினார். "காலைல ஒண்ணும் வைக்கலன்னு நீ சொன்னேல்ல?"

"நான் வைக்கல" என்றார் நினியன். அது உண்மைதான். பச்சையின் தாடையோரம் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்ததை அவர் அப்போதே பார்த்துவிட்டிருந்தார். அதைக் காட்டினால் மனைவி ஏமாற்றுக்காரி என்றாகும், காட்டாவிட்டால் குட்டி போகும். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகிவிடும் என்று ரோனா எங்கோ படித்திருந்தாள். அவள் சொன்ன உண்மையை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. பொய் சொல்லியிருந்தாலாவது நம்பியிருப்பார்களோ என்று யோசித்தாள். ஹால்டேன் குட்டியை இரு கையாலும் தூக்கினார்.

"நல்ல கனம்! எலும்பு நல்ல எலும்பு" என்றார்.

"இன்னிக்கு இதுக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க" என்றாள் ரோனா. "ராத்திரிக்கும் வேண்டாம். தண்ணி மட்டும்."

"எனக்கு நாய் வளர்க்கத் தெரியும்மா" என்றார் அவர், கோபமில்லாமல்.

பாலத்தைத் தாண்டுவதற்குள் பச்சை அவர் கார் இருக்கையில் எல்லாவற்றையும் கக்கிவிட்டது. கார் பழக்கமில்லாத குட்டி, அப்படித்தான் இருக்கும் என்று அவர் செங்காவிடம் சொன்னார். செங்கா என்னிடம் சொன்னாள்.

கார் போன பிறகு நினியனும் ரோனாவும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். கொட்டகையில் ஏழு குட்டிகளும் கத்திக்கொண்டிருந்தன.

"எவ்வளவு குடுத்த?" என்றார் நினியன்.

"இருந்ததெல்லாம்."

"ஞாயித்துக்கிழமைக் கறியுமா?"

"அதுவும்."

நினியன் தலையை ஆட்டினார். சிறிது நேரம் கழித்து எழுந்துபோய் விசில் ஊதி ஏழுக்கும் தட்டை வைத்தார். அன்று மட்டும் அளவைப் பார்க்கவில்லை.

ஹால்டேன் அதற்குப் பேஷன்ஸ், அதாவது பொறுமை, என்று பெயர் வைத்தார். முதல் களப்போட்டியில், துப்பாக்கி வெடித்த மறுநொடியே, ஏவுவதற்குள் பேஷன்ஸ் ஓடியது. விழுந்த பறவையைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய், சாப்பாட்டு வண்டிக்குள் ஏறி நடுவர்களின் இறைச்சிப் பணியாரங்களைத் தின்று முடித்தது. இரண்டாவது போட்டியிலும் ஓடியது. மூன்றாவதற்கு அதை அவர் கூட்டிப்போகவில்லை. "ஏழு வாரத்தில் நான் பார்த்த அந்த நிதானம் போல இன்னொன்று பார்த்ததில்லை, என் மனைவி டோஸ்ட் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். ரோனா ஒருமுறை நேரில் போய், உங்களுக்கு உபயோகமில்லை என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. கொடுத்தால் தன் கண் தப்பியதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பேஷன்ஸ் பதினோரு வருடம் ஹால்டேன் வீட்டு அடுப்படியில் குண்டாக வாழ்ந்து அங்கேயே செத்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே இடுப்பு வலியால் ஹால்டேன் நடுவர் வேலையை விட்டிருந்தார். அவர் இன்னும் இருக்கிறார், இப்போது நாய் இல்லை. ரோனாவுக்குப் பழுப்பு நூல்காரன் கிடைத்தான். அவன் மேல் ஆசை வர ஒரு வருடம் ஆயிற்று, வந்த பிறகு போகவில்லை. டெஸ் அதற்குப் பிறகு குட்டி போடவில்லை. நினியன் ஓய்வு பெற்றதும் இருவரும் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். நினியன் போன குளிர்காலத்தில் காலமானார். ரோனா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். செங்கா மகளோடு கிளாஸ்கோவில் இருக்கிறாள்.